பூஜ்ஜியத் தேதிகளைக் காத்தவருக்கு

எதையும் எளிதில் நம்பாத ஏந்தலே! ஐயத்தையே அணியாகப் பூண்ட அண்ணலே! முப்பத்து மூன்று ஆண்டுகள் எங்கள் சிமெண்டு ஆலையின் பழைய டேட்டாபேஸைக் கட்டிக் காத்த காவலரே!

விடைபெறும் நாளில் பொய் வேண்டாம். உங்களை எங்களுக்குப் பிடித்ததே இல்லை. அலமாரியைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பீர்கள். நாங்கள் சிரிப்பது தெரிந்தால் நான்காம் முறையும் இழுப்பீர்கள்.

புதிய நிரல் எழுதினோம். பழைய அட்டவணைகளுக்கும் அதற்கும் நடுவே, இரண்டுக்கும் தகவலை மாற்றிக் கொடுக்கும் ஓ.ஆர்.எம். என்னும் மென்பொருள் தரகரை உட்கார வைத்தோம். படிக்கும் உரிமையை மட்டுமே தந்தீர்கள். பழைய தொழிலாளர் பெயரைத் தட்டினாலே, "எழுத அனுமதி இல்லை" என்று திரை முரண்டு பிடித்தது. வெளியே சூளைத் தொழிலாளி ஒருவர் நுரையீரல் சிகிச்சை அட்டைக்காக இருமியபடி நின்றிருந்தார்.

"சும்மா படிக்கத்தான் சார் போறோம். எழுதற உரிமையும் குடுத்துட்டா வேலை முடிஞ்சிரும்" என்றோம்.

"படிக்கிறவன் கையில பேனா எதுக்குப்பா?" என்றீர்கள்.

வேண்டுமென்றே முட்டுக்கட்டை போடுகிறீர்கள், எதையோ மறைக்கிறீர்கள் என்று சந்தேகித்தோம். மேலாளரிடம் புகாரும் எழுதினோம். மறுநாள் அதைப் படித்துவிட்டு வந்தீர்கள். கோபப்படவில்லை. டேட்டாபேஸை நகலெடுத்து, அந்த நகலில் மட்டும் எழுதும் உரிமை தந்து, "இப்ப படிங்க, பாப்போம்" என்றீர்கள்.

படித்தோம். படித்தது மட்டும்தான்.

ஆலையில் பதிவேடு தொடங்கும் முன்பே வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குச் சேர்ந்த தேதி பூஜ்ஜியம். அந்தப் பூஜ்ஜியம்தான் அவர்கள் புழுதி தின்ற காலத்துக்கு ஒரே சாட்சி. தரகருக்கு அது வெற்றிடமாகத் தெரிந்தது. வெற்றிடத்தில் அன்றைய தேதியைப் போட்டுக்கொண்டார். மாறியிருக்கிறதே என்று தானாகவே திருப்பி எழுதியும் விட்டார். ஆயிரத்து நூற்று நாற்பது பேர் அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஆனார்கள். சூளைக்காரரும் அவர்களில் ஒருவர். உண்மையான டேட்டாபேஸில் நடந்திருந்தால் அவர் இருமலுக்கு ஆலை பொறுப்பில்லை என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள்.

"என்னையும் நம்பாதீங்க. அதுக்குத்தான் எனக்கே நான் எழுதற உரிமை வெச்சுக்கல. எழுதற கணக்கோட பாஸ்வேர்டு உறைக்குள்ள சீல் வெச்சிருக்கு" என்றீர்கள். பிறகு தரகருக்கும் படிப்பது ஒன்றே வேலை என்று கட்டளையிட்டு, பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியமாகவே விட்டோம். சூளைக்காரர் அன்று மாலையே அட்டையுடன் போனார்.

கூர்மதி கொண்ட கோமானே! அந்த உறையை எங்களில் ஒருவரிடம் ஒப்படைக்க நிர்வாகம் ஆணையிட்டிருக்கிறது. இன்று காலை உறையை மேசைமேல் வைத்து, "யாரு வாங்கிக்கிறீங்க?" என்றீர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பார்த்த எந்த முகத்தையும் நம்ப முடியவில்லை.

ஆகவே, அந்தப் பழைய டேட்டாபேஸில் எழுதும் கணக்கையே அடியோடு நீக்கக் கோரி நிர்வாகத்துக்கு மனு எழுதினோம். அதில் கையெழுத்திட்ட பேனாவாலேயே இம்மடலிலும் கையெழுத்திடுகிறோம். நெஞ்சில் தூசு தங்காமல், நெடுங்காலம் நலமாய், நிம்மதியாய் உறங்கி வாழ்க!

எழுதும் உரிமை வேண்டாத,
பதிவேட்டுப் பிரிவு ஊழியர்கள்