பில் பூட்டும் பல் செட்டும்

என் பெயர் அஸ்கர் அலி, வயது 53. சொந்த ஊர் பழவேற்காடு. தற்போது கும்மிடிப்பூண்டி பஜார் தெருவில் குடியிருந்துகொண்டு, சிப்காட் அருகில் நட்டு, போல்ட்டு, வெல்டிங் ராடு வியாபாரம் செய்து வருகிறேன்.

சம்பவ இடத்தில் கைப்பற்றப்பட்ட மேல்வரிசைப் பல் செட் என்னுடையது என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அது என் மச்சான் நூர் அகமதுவின் மணிக்கட்டிலிருந்து எடுக்கப்பட்டதும் உண்மைதான்.

மேற்படி நூர் அகமது என் மனைவி மெஹர்னிசாவின் தம்பி, கடையில் சரிபாதிப் பங்குதாரர். கடைச் சாவி அவர் இடுப்பிலும் கல்லாச் சாவி என் இடுப்பிலும் இருந்தபடியால்தான் எங்களுக்குள் இதுநாள்வரை சமாதானம் நிலவி வந்தது.

இந்த 2007 ஜனவரியில் வாட் வரி வந்த பிறகு, எங்களிடம் சரக்கெடுக்கும் மில்லின் ஸ்டோர் கீப்பர் ஜெயராஜ், ஏப்ரல் முதல் கம்ப்யூட்டர் பில் இல்லாமல் ஒரு வாஷர்கூட கேட்டுக்குள் வராது என்றும், தவறினால் ஆர்டர் எதிர்க்கடை ஆதிநாராயணனுக்குப் போய்விடும் என்றும் சொன்னார். எங்கள் வியாபாரத்தில் முக்கால்வாசி அந்த மில்தான். அதன் பேரில் கம்ப்யூட்டரை நானும் சாஃப்ட்வேரை நூர் அகமதுவும் பார்த்து வாங்குவது என்று மெஹர்னிசா முன்னிலையில் முடிவானது.

அதன் பிறகு நான் சென்னைக்குப் போய், கடைக்காரர்கள் சொன்ன ரேம், ஜிபி எதுவும் விளங்காதபடியால், ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிப் பார்த்து, இருப்பதில் கனமானதை வாங்கி வந்தேன். இரும்பு வியாபாரத்தில் நான் தரம் பார்ப்பது அப்படித்தான். "இன்னா மச்சான், கம்ப்யூட்டரு வாங்கினு வரச் சொன்னா அம்மிக்கல்லத் தூக்கினு வந்துக்கிறீங்க?" என்று நூர் அகமது வாடிக்கையாளர்கள் எதிரில் கேட்டார். அதை மனத்தில் வைத்துக்கொண்டேன்.

அவர் சாஃப்ட்வேர் பார்த்த லட்சணம் வேறு. இருப்பில் ஒரு போல்ட்டு குறைந்தாலும் காட்டிக்கொடுக்கும் என்று சாஃப்ட்வேர் விற்கும் புதுவாயல் பாஸ்கர் சொன்ன ஒரே காரணத்துக்காக வாங்கினார். டீக்கடை நண்பர்களுக்கு நான் காசு வாங்காமல் போல்ட்டு கொடுப்பது ஊரறிந்த விஷயம்.

ஏப்ரல் 2 திங்கட்கிழமை காலை பாஸ்கர் வந்து சாஃப்ட்வேரை ஏற்றி முடித்து, சுண்டுவிரல் அளவுள்ள ஒரு பூட்டை எடுத்து, "இத்தக் கம்ப்யூட்டருக்குப் பின்னாடி சொருகினாதான் பில்லு தெறக்கும். தொலைச்சா வேற கெடைக்காது. யாராவது ஒருத்தர் வச்சுக்குங்க" என்றார். இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம். நூர் அகமதுவுக்குக் கை நீளம்.

வாசலில் மில் லாரி சரக்கேற்றி நின்றது, ஜெயராஜ் பில்லுக்காக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பூட்டைக் கேட்டேன். "கல்லா சாவியக் குடு, தரேன். இனிமே நான் போட்டாதான் பில்லு. நீ போய் எட போடு, அதான உனுக்குத் தெரியும்" என்றார். அதுவரை என்னை நீங்க என்றவர்.

அதன் பிறகு அவர் பூட்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டதாலும், என் இரு கைகளையும் அவர் இன்னொரு கையால் பிடித்திருந்ததாலும், மீதியிருந்ததைக் கொண்டு கடித்தேன். அவர் கையை இழுத்ததில் பல் செட் அவரோடு போய்விட்டது. அதன் பிறகு நான் திட்டியது எதுவும் அங்கிருந்த யாருக்கும் விளங்கவில்லை. ஜெயராஜ் எழுந்து, "பாய், நீங்க கடிச்சிக்கினே இருங்க, நான் எதுத்தாப்ல பாத்துக்கறேன்" என்று சொல்லி, எங்கள் சரக்கை இறக்கிவிட்டு, லாரியை ஆதிநாராயணன் கடைக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார்.

எங்கள் இருவரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்த பிறகு, வீட்டுக்குத் தகவல் சொல்லப் போன ஏட்டையாவிடம் என் மனைவி, "ரெண்டு பேரையும் உள்ளயே வைங்க, நாஷ்டா குடுத்தனுப்பறேன்" என்று சொன்னதாக அறிகிறேன்.

மேலே எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். பல் இல்லாமல் சொல்லியும் சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது. யாருடைய கட்டாயமும் இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

(ஒப்பம்) அஸ்கர் அலி

கையொப்பத்துக்குப் பின், பூட்டைச் செருகியிருந்தால் லாரிக்குப் பில் கிடைத்திருக்குமா என்று எஸ்.ஐ. அவர்கள் கேட்டதற்குச் சொல்வது: கிடைத்திருக்காது. பிரிண்டர் என்பது கம்ப்யூட்டர் வகையறா, நான் வாங்கியிருப்பேன் என்று நூர் அகமதுவும், அது சாஃப்ட்வேர் வகையறா, அவர் வாங்கியிருப்பார் என்று நானும் இருந்துவிட்டோம்.