துணி நாடாவில் எடுத்த அளவு

பாசுரம் ஒன்றை மனத்துள் ஓதியபடி கோவை பாசஞ்சரில் அரைக்கண் மூடியிருந்தேன். திருப்பூரில் ஏறிய கணவனும் மனைவியும் எதிரே அமர்ந்தனர். வீட்டில் இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷினில் பல்சக்கரம் வெட்டுவதற்கு, அதன்மேல் வைத்துச் சுழற்றும் ரோட்டரி டேபிள் வாங்கக் கோவைக்குச் செல்கிறார்கள் என்பது பேச்சில் விளங்கியது.

"பெருசாவே எடுத்தரலாம்," என்றார் கணவர், கனவில் பேசுபவர்போல். "எந்தச் சக்கரம் வந்தாலும் வெட்டலாம்."

"வெட்டுற கட்டருக்கு அடியில டேபிள் நுழையோணுமுங்களே. வாங்குனா திருப்பி எடுத்துக்க மாட்டாங்களாம்."

"அதான் அந்த உயரத்தை நீ அளந்து முடிச்சுப் போட்டுக் குடுத்தியே அம்மிணி."

சட்டைப்பையிலிருந்து இரண்டு முடிச்சிட்ட துணி நாடாவை எடுத்தார். மனைவி அதை வாங்கி மெல்ல இழுத்தார். முடிச்சுகள் விலகிக்கொண்டே போயின. உலகளந்த பெருமானின் அடி வளரக் காண்பவர்போல் இருவரும் பார்த்திருந்தனர்.

"பனியன் துணிங்க," என்றார் மனைவி மெதுவாக. "கைக்கு வந்ததை எடுத்துட்டேன்."

"பதினஞ்சு வருசமா பனியன் தைக்கிறவ எடுத்த அளவு."

"அதை ரெண்டு நாளாப் பையில வெச்சுட்டுத் திரிஞ்சது ஆருங்க?"

கணவர் சிரித்துவிட்டார். வஞ்சிபாளையத்தில் வண்டி நின்றதும் இருவரும் இறங்கினர்.

"இரும்பு ஸ்கேல்ல அளந்துட்டு நாளைக்குப் போலாமுங்க," என்ற குரல் சன்னலோரம் தேய்ந்தது.

நாடா இருக்கையிலேயே கிடந்தது. அதன் முடிச்சுகள் மீண்டும் நெருங்கியிருந்தன.