சாவிக்கொத்தில் சேராத சாவி

அந்த நாற்காலி வேண்டாம் ஐயா, அதற்கு ஒரு கால் ஆட்டம். இதில் உட்காருங்கள். அதைச் சரிசெய்ய வேண்டும் என்று இரண்டு போதகர்கள் சொன்னார்கள். தச்சர் வந்து பார்ப்பதற்குள் இரண்டு பேருக்கும் மாற்றல் வந்துவிட்டது.

உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் மாவட்டக் கண்காணிப்பாளர். பேராயர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவது உங்கள் வேலை. நம் மெதடிஸ்ட் சபையின் வழக்கமே இதுதானே. மாநாட்டின் கடைசி நாளில் பேராயர் எழுந்து நியமனங்களை வாசிப்பார். அதுவரை யாருக்கும் எதுவும் தெரியாது. காலையில் இந்த ஊருக்கு மேய்ப்பராக இருந்தவர் மத்தியானம் வேறு ஊருக்கு மேய்ப்பர். அடுத்த வாரம் போதகர் வீட்டு வாசலில் ஒரு லாரி நிற்கும். ஒரு குடும்பத்தின் பாத்திரம் பண்டம் ஏறும், இன்னொரு குடும்பத்தினுடையது இறங்கும்.

ஆடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிவுபசாரக் கூட்டத்தில் மூக்கைச் சிந்திய அதே ஜனங்கள், வரவேற்புக் கூட்டத்தில் எல்லாப் பல்லையும் காட்டுவார்கள். கிதார் வாசித்தவரையும் இப்படித்தான் வரவேற்றார்கள். பிரசங்கத்துக்கு நடுவில் தன் வயிற்றுவலியை விவரித்தவரையும் இப்படித்தான். எனக்கு அழுகையும் வராது, சிரிப்பும் வராது. நான் சபைக் காரியதரிசி. வந்தவர்களுக்குச் சாவி கொடுத்தேன், போனவர்களிடம் சாவி வாங்கினேன். எந்தக் குழாய் ஒழுகும், எந்த மூப்பருக்கு எந்த மூப்பரைக் கண்டால் ஆகாது என்பதெல்லாம் என் வாய்வழியாகத்தான் அடுத்தவருக்குப் போகும். போனவரும் வந்தவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். விட்டுப்போன சபையில் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது உங்கள் ஒழுங்கு. நல்ல ஒழுங்கு. அது இல்லாவிட்டால் நான் எதற்கு?

போன போதகர் நல்லவர். என் வாயில் அது பெரிய புகழ்ச்சி இல்லை. அவர் தினமும் காலையில் பஸ் டிரைவர் வீட்டுக்குப் போவார். உங்களுக்குத் தெரியாது, ஓய்வுபெற்ற டிரைவர், மனைவி இறந்துவிட்டார், மகள் கடல் தாண்டி எங்கோ இருக்கிறாள். பழைய கிடங்கு ஒன்றின் மேல்மாடியில் தனியாக இருந்தார். கீழே ஆள் கிடையாது. சர்க்கரை நோய், ஞாபகமறதி. மாத்திரையை மறந்துவிடுவார், அல்லது போட்டதை மறந்து மறுபடியும் போடுவார். போதகர் போய் மாத்திரை கொடுத்து, கஞ்சி குடிக்கவைத்து, ஒரு பாட்டுப் பாடிவிட்டு வருவார். அப்படி ஒரு பாட்டை நான் யாருக்கும் பாடியதில்லை; என் குரல் அப்படி.

லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு சாவியை என் கையில் வைத்து அழுத்தினார்.

"டிரைவர் அண்ணன் வீட்டுச் சாவி. அவர் எழுந்து வந்து கதவைத் திறக்க மாட்டார், நாமதான் திறக்கணும். புது பாஸ்டர்கிட்ட முதல் வேலையா இதைச் சொல்லிடுங்க. ஒருநாள் விட்டாலும் ஆபத்து."

"சொல்லிடறேன்" என்றேன்.

"நானே போன் பண்ணிச் சொல்லியிருப்பேன். ஆனா அது முறையில்ல."

பாவம், முறை தெரிந்த மனிதர்.

புதியவர் வரும்வரை நானே போனேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாடிப்படி ஏறி, மாத்திரை கொடுத்து, கஞ்சி கலக்கினேன். டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா எப்ப வருவார்?" என்று கேட்டார். மாற்றலாகிப் போய்விட்டார் என்றேன். கஞ்சியைக் குடித்துவிட்டு, "ஐயா எப்ப வருவார்?" என்று மறுபடியும் கேட்டார். டம்ளரைக் கழுவிவைத்துவிட்டு வந்தேன்.

பிறகு புது போதகராக அந்த அம்மா வந்தார்கள். சின்ன வயது, பெரிய படிப்பு. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே ஆராதனை முடிந்ததும் நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார்கள். திடீர் மாற்றத்தை எப்படித் தாங்கிக்கொள்வது என்று நாம் எல்லோரும் மனம்விட்டுப் பேச வேண்டுமாம். கையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. பாடகர் குழுவில் சுதி சேராத ஒரு அம்மாள், போன போதகரை நினைத்தால் சோறு இறங்கவில்லை என்றார். அவர் உடம்பைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஒருவர் அழ, பக்கத்தில் இருந்தவரும் அழ, பெட்டி காலியாயிற்று.

கடைசியில் அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்கள்.

"காரியதரிசி அண்ணன் இத்தனை வருஷமா ஒத்த ஆளா எல்லாத்தையும் சுமந்துட்டார். அவர் இனி கொஞ்சம் இளைப்பாறட்டுமே. வருஷத்துக்கு ஒருத்தரா அந்தப் பொறுப்பை எடுத்துக்கலாம். என்ன சொல்றீங்க?"

எல்லோரும் கை தட்டினார்கள். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் அலைந்தேனோ, யார் வீட்டுச் சாவுக்குக் குழி வெட்ட ஆள் பிடித்தேனோ, அவர்கள்தான் தட்டினார்கள். சந்தோஷமாகத் தட்டினார்கள். எனக்கு வலித்தது. ஒளிக்க என்ன இருக்கிறது, நன்றாகவே வலித்தது.

மறுநாள் சாவிக்கொத்தை ஒப்படைக்கப் போனேன். போகும் வழியில் டிரைவர் வீட்டுச் சாவியை வளையத்திலிருந்து கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அந்த அம்மா ஒவ்வொரு சாவியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். கருத்தான பிள்ளைதான்.

"வேற ஏதாவது நான் தெரிஞ்சுக்க வேண்டியது இருக்கா அண்ணா?"

"அவ்வளவுதாம்மா."

சபையாரை வீடு வீடாகப் போய்ச் சந்திக்க எந்தத் தெருவிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றும் என்னையே கேட்டார்கள். கிடங்குத் தெருவைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதன்பின் நானும் அங்கே போகவில்லை. இளைப்பாறச் சொன்னார்கள் அல்லவா?

நான் எதிர்பார்த்தது சின்ன விஷயம். கிழவர் கட்டிலில் இருந்தபடியே தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்துவார். இல்லையென்றால் மகள் போன் செய்து புது போதகரை நாலு வார்த்தை கேட்பாள். ஜனங்கள் முகம் சுளிப்பார்கள். வட்ட நாற்காலி, கைக்குட்டை எல்லாம் மூட்டை கட்டப்படும். இவ்வளவுதான் என் கணக்கு. யாரும் எதுவும் கேட்காதது என் குற்றமா? சபையில் ஒவ்வொருவரும் போதகர் வழக்கம்போல அங்கே போகிறார் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். என் வீட்டுக்காரி ஒருத்திதான் கேட்டாள்.

"அந்த டிரைவர் அண்ணனை இப்ப யார் பாத்துக்கிறா? நான் வேணா கஞ்சி காய்ச்சித் தரட்டுமா?"

"அதுக்குன்னு ஆள் இருக்கு. நீ உன் வேலையைப் பாரு."

அந்த வாரக் கடைசியில், அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன்பே, டிரைவரைக் கண்டுபிடித்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாராம். கதவை உடைக்க வேண்டியிருந்தது. நல்ல கதவு.

அடக்கம் முடிந்து சபைக்கூட்டம் நடந்தது. நான் எழுந்து, கோபப்படாமல், ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"அம்மா, டிரைவர் அண்ணனை நீங்க கடைசியா எப்பப் போய்ப் பாத்தீங்க?"

"எனக்கு யாரும் சொல்லலையே" என்றார்கள். முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

"சொன்னாத்தான் ஆட்டைத் தேடணுமாம்மா?"

கூட்டத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கை தட்டிய ஜனங்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் அந்த அம்மாவுக்கு ஒரு கைக்குட்டை கொடுக்கவில்லை. அந்த அம்மாவே மாற்றல் கேட்டு உங்களுக்கு எழுதிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். என்னைக் காரியதரிசியாகவே இருக்கும்படி கூட்டம் ஏகமனதாகக் கேட்டுக்கொண்டது. ஏகமனது என்றால் என்னவென்று இந்தச் சபைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

போன போதகர் உங்களிடம் போனில் எல்லாம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. முறையை மீறிவிட்டார், பரவாயில்லை. இல்லாவிட்டால் நீங்கள் இவ்வளவு தூரம் வந்து என் எதிரில் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். சாவி இதோ. கதவுதான் உடைந்துவிட்டதே, இனி இது யாருக்கும் உதவாது.

இன்னொன்றும் கேட்கப் போகிறீர்கள், தெரிகிறது. நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், போனேன். அவரைக் கண்டுபிடிப்பதற்கு முந்தின நாள் காலையில், நிலைமை எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். மாடிப்படி ஏறிக் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே தரையில் ஏதோ தட்டுகிற சத்தம். கைத்தடியாக இருக்கலாம். என் செருப்புச் சத்தம் கேட்டதும் தட்டுவது நின்றது.

"ஐயா, வந்துட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

சாவி பையில்தான் இருந்தது. கையில்கூட எடுத்துவிட்டேன். அவர் மறுபடியும், "ஐயா, நீங்கதானே?" என்றார். நான் வந்த வழியே மெல்ல இறங்கிவிட்டேன்.

நீங்களே நியாயமாக யோசித்துப் பாருங்கள். அவர் கூப்பிட்டது போதகரை. என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் கதவைத் திறந்திருப்பேன்.