விழா மலருக்கு இரண்டு பக்கம்

கவிநிலா, ஓட்டப் போட்டி விழா மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தாய். எழுதிவிட்டேன், ஆனால் இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. தாலுகா ஆபீசில் இருபத்தெட்டு வருடமாக வேறு யாரோ கையெழுத்துப் போடுவதற்காகவே எழுதிக்கொண்டிருப்பவன் நான். சொந்தமாக எழுத உட்கார்ந்தால் எங்கே நிறுத்துவதென்று தெரிவதில்லை.

"அப்பாவும் நீங்களும் மறுபடி ஓட ஆரம்பிச்ச கதைய எழுதுங்க மாமா. கடைசி வரைக்கும் கூட இருந்தது நீங்கதானே" என்றாய். அது உன் அம்மா சொல்லிச் சொல்லி உனக்குள் பதிந்தது. என் தங்கை ரேணுகாம்பாள் பொய் சொல்கிறவள் அல்ல. அவளிடம் சொல்லப்பட்டதைத்தான் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். அவளிடம் சொன்னவன் நான்.

முதலிலிருந்து வருகிறேன்.

உன் அப்பா சகாதேவனும் நானும் கல்லூரியில் ஐயாயிரம் மீட்டர் ஓடியவர்கள். அவன் முதல், நான் இரண்டாவது. மூன்று வருடமும் அப்படித்தான். உங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் போட்டோவில் அவன் நெஞ்சில் நாடா பட்டுக்கொண்டிருக்கும். அவன் தோளுக்குப் பின்னால் பாதி முகம் தெரிகிறதே, அது என்னுடையது. எனக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. இருந்திருந்தால் என் ஒரே தங்கையை அவனுக்குக் கொடுக்கச் சொல்லி அப்பாவிடம் நானே மல்லுக்கட்டியிருப்பேனா?

கல்யாணம், வேலை என்று ஆனதும் ஓட்டம் நின்றுபோனது. அவன் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்தான். கீழ்பென்னாத்தூர் விவசாயிகள் கருகிப்போன மோட்டாரை வேனில் போட்டுக்கொண்டு வந்து, பயிர் காய்கிறது என்று கடை வாசலிலேயே உட்கார்ந்துகொள்வார்கள். எனக்கு, எண்பத்தொன்பதில் புது மாவட்டம் பிரித்ததிலிருந்து ஃபைலுக்கு மேல் ஃபைல். இருவருக்கும் தொந்தி விழுந்துவிட்டது. தொண்ணூற்று மூன்று கடைசியில், வருகிற குடியரசு தினத்தன்று மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் ஓட்டப் போட்டி என்று தேரடியில் தட்டி வைத்தார்கள். அன்று சாயந்திரமே அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"இன்னா மச்சான், ஓடலாமா?"

"முப்பத்தேழு வயசுல நம்மள யாருடா தொரத்தறாங்க?"

"தொந்திதான் தொரத்துது. வா."

விடியற்காலை ஐந்து மணிக்குத் தேரடியில் நிற்போம். ஆறரைக்குக் குழாயில் தண்ணீர் வருவதற்குள் நான் வீடு திரும்பிவிட வேண்டும். தப்பினால் உன் அத்தை பாஞ்சாலை காலிக் குடத்தை நடுவாசலில் வைத்துவிட்டு வாயே திறக்கமாட்டாள். அவள் திட்டினால்கூடத் தாங்கிவிடலாம். முதல் மாதம் ரமணாசிரமம் தாண்டுவதற்குள் எனக்கு மூச்சு முட்டும். அங்கே வாடகை அறை வாசலில் தியானத்துக்கு உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்வார். இரவில் முழங்காலுக்கு எண்ணெய், காலையில் கேழ்வரகுக் கூழ், ஆபீசில் நாற்காலியைவிட்டு எழும்போதெல்லாம் ஒரு முனகல். ஆனாலும் அந்த மூன்று வருடம் போலச் சந்தோஷமாக நான் இருந்ததில்லை. இதையும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

அவன் வெறுங்காலோடு ஓடுவான். மலைப் பாதையில் செருப்புகூட ஆகாது என்பான். எனக்குக் கேன்வாஸ் ஷூ. கையில், விநாடிவரை நிறுத்திப் பார்க்கிற கடிகாரம், சிங்கப்பூரிலிருந்து வந்தவர் ஒருவரிடம் வாங்கியது. நேரம் பார்ப்பது என் வேலை, ஓடுவது அவன் வேலை என்று கிண்டல் செய்வான்.

மலையைச் சுற்றுவதில் அவனுக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. ஆரம்பித்துவிட்டால் எதற்காகவும் திரும்பக் கூடாது. மலை எப்போதும் வலது கைப் பக்கமே இருக்க வேண்டும். ஒருமுறை கடைச் சாவி இடுப்பிலிருந்து விழுந்துவிட்டது. ஒரு கிலோமீட்டர் தள்ளித்தான் பார்த்தான். திரும்பிப் போய் எடுக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அவன் திரும்பவில்லை. முழு மலையையும் சுற்றி முடித்து, மறுபடி தேரடியிலிருந்து கிளம்பி, சாவி விழுந்த இடத்துக்கு வந்து எடுத்துக்கொண்டு, அந்தச் சுற்றையும் முடித்தான். கடை வாசலில் மூன்று மோட்டார்கள் வெயிலில் கிடந்தன. ஊரே சிரித்தது.

"சாமி சுத்தறது வேற, சாவி தேடறது வேறடா" என்றேன்.

"ரெண்டும் ஒரே ரோட்லதானே மச்சான் கீது" என்றான்.

எனக்கு அந்தக் கண்டிப்பெல்லாம் கிடையாது. வாயு லிங்கத்துக்குப் பக்கத்தில் ஒருநாள் என் கடிகாரத்தின் வார் அறுந்து விழுந்தபோது நூறடி திரும்பி ஓடிப்போய் எடுத்துக்கொண்டேன். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தான்.

போட்டியில் எங்கள் வயதுப் பிரிவில் மூன்று வருடமும் அவன்தான் முதல். தொண்ணூற்று ஆறில் ஐம்பத்தெட்டு நிமிடம் நாற்பது விநாடியில் வந்தான். நான் அரை நிமிடம் பின்னால். நீ என் தோளில் உட்கார்ந்து பரிசு வாங்கும் அப்பாவுக்குக் கைதட்டினாய். எட்டு வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு நின்றதில் தோள் வலித்தது, நான் உன்னை இறக்கவில்லை.

அடுத்த வருடம், பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது. முழுச் சுற்றும் நேரம் பார்த்து ஓடிப் பழகுவதென்று பேசிவைத்திருந்தோம். பனி இறங்கியிருந்தது. தேரடியில் அவன் இடது தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"நேத்து மோட்டார் ஜாஸ்தி தூக்கிட்டேன் மச்சான், புடிச்சிக்குது."

"அப்ப நாளைக்கு ஓடலாமா?"

"ஓட ஓட உட்டுடும்" என்றான். கடிகாரத்தை அழுத்தினேன்.

ரமணாசிரமம் தாண்டியதும் நான் முன்னால் இருந்தேன். இருபது வருடத்தில் அதுதான் முதல் தடவை. எதிரில் ஒரு முதுகு இல்லாவிட்டால் ரோடு எவ்வளவு அகலம் என்று அன்றுதான் பார்த்தேன். கால்கள் தாமாகப் போய்க்கொண்டிருந்தன. செங்கம் ரோட்டை விட்டு மலைப் பாதையில் திரும்பிச் சற்று தூரம் போனபோது, பின்னால் கேட்டுக்கொண்டிருந்த வெறுங்கால் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். சின்னப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தான். கையைத் தூக்கினான். களைத்தவன் கையைத் தூக்கினால், நீ போ, நான் வருகிறேன் என்று எங்களுக்குள் அர்த்தம். நான் போனேன். சுற்றி முடித்துத் தேரடியில் நின்றேன். அவன் வராததால் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தேன். விழுந்துகிடந்தான். மடியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். வழியிலேயே போய்விட்டான். கடைசியாக 'கவி' என்று உன் பெயரைச் சொன்னான்.

உன் அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான். போலீசார் எழுதிக்கொண்டதும் இதுதான். மலருக்கும் இது போதும், ஒரு பக்கத்தில் முடிந்துவிடும்.

விட்டுப்போனதை இனி எழுதுகிறேன்.

அவன் கையை மட்டும் தூக்கவில்லை. கூப்பிட்டான். "மச்சான், நில்றா. மாரு வலிக்குது" என்றான். எங்களுக்கு நடுவில் முப்பது அடிகூட இருக்காது. தெளிவாகக் கேட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது. அந்த இடத்துக்கு அவ்வளவு சீக்கிரம் நாங்கள் யாரும் வந்ததில்லை.

ஏன் நிற்கவில்லை என்று கேட்பாய். பத்து வருடமாக நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சுற்ற ஆரம்பித்தவன் திரும்பக் கூடாது என்பது அவனே வைத்த சட்டம். சாவிக்கே திரும்பாதவன். நான் திரும்பினால் அவனுக்குத்தான் முதலில் கோபம் வரும் என்று நினைத்தேன். அதோடு, முன்னால் அடி அண்ணாமலை இருக்கிறது, அங்கே ஆட்கள் எழுந்திருப்பார்கள், யாரையாவது அனுப்பிவைக்கலாம் என்றும் கணக்குப் போட்டேன். அவசரத்தில் போட்ட கணக்கானாலும் நியாயமான கணக்குதான்.

அடி அண்ணாமலையில் ஆட்கள் இருந்தார்கள். சின்னசாமி டீக்கடையில் பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் அவனுடைய டிவிஎஸ் நின்றது. என்னைப் பார்த்ததும் கையில் டம்ளரோடு வெளியே வந்தான்.

"இன்னா சார், இன்னிக்கு நீங்க முன்னாடி? உங்க மச்சான் எங்க?"

"பின்னால வர்றான்" என்றேன்.

நிற்காமல்தான் சொன்னேன். நின்றால் மூச்சு கலைந்துவிடும். அந்த நேரத்தில் அது பொய்யாகத் தோன்றவில்லை. எழுந்து வந்துகொண்டிருப்பான், எந்த நிமிடமும் அந்த வெறுங்கால் சத்தம் கேட்கும், வழக்கம்போல என்னைத் தாண்டிப் போவான் என்றே நினைத்தேன். அவன் தாண்டிவிடக் கூடாதே என்று இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடினேன்.

குபேர லிங்கம் தாண்டியபின் அழுகை வந்துவிட்டது. அவன் வரமாட்டான் என்று அங்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அழுதுகொண்டே ஓடினால் நெஞ்சு அடைக்கும், வேகம் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை. தேரடியில் கடிகாரத்தை நிறுத்திவிட்டுத்தான் ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினேன். முருகையன் சார் மூச்சு வாங்க அழுதுகொண்டு ஓடிவந்தார் என்று என்னைப் பற்றி ஆட்டோக்காரர் போலீசில் சொன்னார். அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அவன் என்னைக் கூப்பிட்டு ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. பாலத்துக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில், செங்கம் ரோட்டு முனையில் ஒரு கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் அந்தப் பக்கம் போகவில்லை கவி. பாலத்துக்கு முன்னால், நான் போன பக்கமாக, பத்தடி தள்ளிக் குப்புறக் கிடந்தான். முழங்கை இரண்டும் தார் ரோட்டில் தேய்ந்து தோலுரிந்திருந்தது. உன் அம்மா அதைப் பார்த்து, "ஏண்ணா கையெல்லாம் இப்டி ஆயிருக்குது?" என்று கேட்டாள். விழுந்ததில் சிராய்த்திருக்கும் என்றேன்.

ஆட்டோவில் உயிர் இருந்தது. என் மடியில் தலை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். உதட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்தேன்.

"டைம் எவ்ளோ மச்சான்?"

அவன் கடைசியாகப் பேசியது அதுதான். உன் பெயர் அல்ல. உனக்கு ஏதாவது ஒன்று மிஞ்சட்டும் என்று நானாகச் சொன்னது அது. இன்று அதையும் உன்னிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். என்னை மன்னிக்க வேண்டாம்.

அவன் கேட்டதற்குப் பதில் சொன்னேன். ஐம்பத்தெட்டு இருபத்தெட்டு என்றேன். சிரித்தான். சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன். அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர்.

சின்னசாமி சாவுக்கு வந்திருந்தான். மாலையைப் போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். அன்றிலிருந்து அவன் கடையில் எனக்கு டீ கொடுத்ததில்லை. போன வருடம் அவனும் போய்விட்டான். இனி இதைத் தெரிந்தவர் யாரும் கிடையாது. அதனால், யாருக்கோ பயந்துகொண்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. ஒவ்வொரு திதிக்கும் உன் அம்மா, "எங்கண்ணன் மட்டும் இல்லன்னா அவரு அனாதையா ரோட்ல கெடந்திருப்பாரு" என்று சொல்லி முதல் இலையை எனக்குப் போடுகிறாள். பத்து வருடமாக அந்தச் சோற்றை விழுங்குகிறேன். உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் வைத்து அழைத்துப் போனேன். நீ ஓட ஆரம்பித்ததும் மைதானத்தில் அதே கடிகாரத்தை வைத்துக்கொண்டு உனக்கு நேரம் பார்க்கிறேன். நீ ஓடி முடித்து மூச்சு வாங்க வந்து, "டைம் எவ்ளோ மாமா?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வருகிறது.

சகாதேவன் சாவதற்குக் காரணம் நான். நின்றிருந்தால் அவன் இருந்திருப்பான். சின்னசாமியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் இருந்திருப்பான். தெரிந்தேதான் ஓடினேன். இந்தக் காகிதத்தை யாரிடம் கொடுக்க வேண்டுமோ கொடு. அம்மாவிடம் நீதான் சொல்ல வேண்டும், என்னால் முடியாது. வருகிற போட்டியில் கொடியசைக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள், நான் வரமாட்டேன்.

பொறாமையில் செய்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. அவன் ஜெயிப்பதை என்னைப் போல ஆசையாகப் பார்த்தவர்கள் இந்த ஊரில் யாருமில்லை.

இன்னும் ஒன்று. மலரின் முதல் பக்கத்தில், எங்கள் வயதுப் பிரிவில் இதுவரை மலையைச் சுற்றிய மிகக் குறைந்த நேரம் என்று அவன் பெயருக்கு எதிரே ஐம்பத்தெட்டு நிமிடம் நாற்பது விநாடி என்று வருடா வருடம் போடுகிறீர்கள். அது தவறு. பன்னிரண்டு விநாடி குறைத்து என் பெயரைப் போட வேண்டும், அச்சுக்குப் போவதற்குள் திருத்திவிடு.