பத்து டிகிரி

சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைக்காதீர்கள் சார், கீறல் விழும். இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், வாய் சும்மா இருக்காது.

என் மனைவியைப் பற்றிக் குறை சொல்ல வரவில்லை. கருப்பை ஆபரேஷன் முடிந்த பிறகு, "எனக்கு அந்த ஆசையே விட்டுப்போச்சுங்க, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று தன்மையாகத்தான் சொன்னாள். தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். ஆறு வருஷம் சரி என்றுதான் இருந்தேன்.

ஆனால் மனுஷன் காய்ந்துபோகிறான் சார். உப்புப் பெறாத விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தேன். வாடிக்கையாளரின் காதோரம் பிரேமைச் சரிசெய்யும்போது விரலில் அந்தச் சூடு பட்டால் வேலையை அப்படியே வைத்துவிடுவேன். பின்னால் போய் முகம் கழுவிக்கொண்டு வருவேன். யாரிடம் சொல்வது? "இந்த வயசுல என்னய்யா" என்று சிரிப்பார்கள்.

ஒருநாள் அவள் கண்ணாடி உடைந்தது. அது இல்லாவிட்டால் எதிரில் நிற்கும் ஆளே அவளுக்குத் தெரியாது. மாடிப்படி இறங்கும்போது என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பதினாறு படி. அன்று முழுக்க நான் யார்மீதும் கோபப்படவில்லை.

அவளுடையது கோணம் பார்த்துப் பொருத்த வேண்டிய லென்ஸ்; புதுக் கண்ணாடியில் அதைப் பத்து டிகிரி திருப்பி வைத்தேன். அடுத்ததில் இருபது. தரை அவளுக்குச் சாய்ந்து தெரிந்தது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் தையலை விட்டாள், பிறகு தனியாக வெளியே போவதையும் விட்டாள். புருஷனே கடை வைத்திருக்கும்போது வேறெங்கே போய்க் காட்டுவாள்?

"எனக்குப் பார்வையே போயிடுமோங்க?"

"நான் இருக்கேன்ல" என்றேன். இரண்டு வருஷம், எங்கே போனாலும் என் கைதான்.

பிறகு கொழுந்தியாள் வந்தாள். "அக்கா, மாமா கண்ணாடி மாத்தி மாத்திப் பாத்தது போதும். வியாழக்கிழமை கண் டாக்டர்கிட்ட போறோம்." டாக்டர் பார்த்தால் கண்ணில் கோளாறு இல்லை என்று ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார். மறுபடியும் அவள் அந்த அறை, நான் இந்த அறை. என்னால் முடியாது சார்.

வியாழக்கிழமை காலை, நான்காவது படியில் கையை எடுத்துக்கொண்டேன். தள்ளவில்லை. எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இனி எழுந்து நடப்பது கஷ்டம் என்கிறார்கள். படியில் கிடந்த கண்ணாடியைக் கொழுந்தியாள் வேறு கடையில் கொடுத்துச் சோதித்திருக்கிறாள். கெட்டிக்காரி.

எல்லாம் நான் செய்ததுதான், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள் சார்: அவளுக்கு விருப்பமில்லாமல் என் விரல்கூட ஒருநாளும் அவள்மேல் பட்டதில்லை.