மாப்பிள்ளையின் தங்கப்பல்

சுங்கைப் பட்டாணிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில், இயர்போன் ஃபேக்டரி சீருடையில் இரண்டு பெண்கள்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தவரு பல்லுல காந்தம் ஒட்டிக்கிச்சுக்கா," என்றாள் இளையவள்.

"எந்தக் காந்தம்லா?"

"நாம இயர்போனுக்குள்ள வைக்கிறோமே, மிளகு சைஸ்ல, அதுதான். தங்கம்னா ஒட்டாதுன்னு அம்மா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போட்டிருந்த நகையிலெல்லாம் வச்சுப் பாத்தாங்க. எல்லாம் நல்ல தங்கம். அப்ப பாத்து அவரு சிரிச்சாரு. தங்கப்பல்லு. அம்மா அதையும் விடல."

"ஐயோ! இரும்பா?"

"டக்குன்னு ஒட்டிக்கிச்சு. பல்லுலயே ஏமாத்துறான், இந்தச் சம்பந்தம் வேணாம்னுட்டாங்க."

"நல்லதாப் போச்சு."

"என்னக்கா நல்லது? காந்தம் வரவே இல்ல. நான்தான் எல்லார் முன்னாலயும் அவரு தாடையைப் புடிச்சுக்கிட்டுப் பிடுங்குனேன். இனிமே வேற ஆளை எப்படிக் கட்டிக்கிறது?"