வாடிப்பட்டிக்கு அப்பால் கிடைத்த துணை

உச்சிப் பொழுது. வாடிப்பட்டி தாண்டிக் கொடைரோடு போகிற சாலை... ஈ காக்கை கிடையாது.

கிட்ட வந்து உட்காருங்கள். நான் சத்தமாகச் சொல்லப் போவதில்லை. நம் வெங்கடரமணன் இருக்கிறாரே, அவருடைய அக்காள் புருஷன் ஹரிராமுக்கு நடந்தது இது. முப்பத்தாறாம் வருஷம், தைப்பூசம். மதுரையிலிருந்து பழனிக்குக் கூட்டமாக நடந்து போகிறார்கள். இரண்டாம் நாளே ஹரிராமின் காலில் முள் ஏறிவிட்டது. "நீங்க போய்க்கிட்டே இருங்க மாப்ள, பின்னாலயே வாரேன்" என்று மச்சினனையும் மற்றவர்களையும் அனுப்பிவிட்டார். கொஞ்ச நேரம் அரோகரா கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

ஹரிராமுக்குத் தனிமை புதிதல்ல. பெண்டாட்டி செத்துப் பதினோரு வருஷம். பிள்ளை இல்லை. மகால் பக்கத்துச் சந்தில் ஒரு வீடு. பகலெல்லாம் சாயப்பட்டறை, ராத்திரி தானே பொங்கித் தானே சாப்பிடுவார். ஆனாலும் அந்த வெயிலில், அந்தச் சாலையில்... யாராவது துணைக்கு வந்தால் தேவலை என்று இருந்ததாம்.

அப்போதுதான் பக்கத்தில் காலடி. சர்ர்க்... சர்ர்க்... தேய்த்துத் தேய்த்து நடக்கிற நடை. எங்கிருந்து வந்தான் என்று அவர் பார்க்கவில்லை. தலையில் முக்காடு. முகம் சரியாகத் தெரியவில்லை. கூடவே ஒரு வாசனை. வெகுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் குப்பென்று அடிக்குமே, அது. காற்றடிக்கிற வெட்டவெளியில்!

பயப்பட வேண்டிய மனுஷர் சந்தோஷப்பட்டார். துணை கிடைத்ததே! ஓயாமல் பேசினார். தெரு, வீடு, செத்துப் போனவள், எல்லாம். அவன் "ம்... ம்..." என்பதோடு சரி. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"இப்ப வீட்ல யாருண்ணே இருக்கா?"

"யாரும் இல்லப்பா. பூட்டித்தான் கெடக்கு."

காலடி நின்றது. ஹரிராம் திரும்பினார். அவன் வந்த வழியே மதுரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான். கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை.

சாயங்காலம் கூட்டத்தைப் பிடித்ததும் மச்சினனிடம் சொன்னார். "வேண்டுதலை முடிக்காம எவனாச்சும் பாதியில திரும்புவானா மச்சான்?" என்று வெங்கடரமணன் சிரித்தார்.

மொட்டை போட்டு, ரயிலேறித் திரும்ப ஒன்பது நாள் ஆயிற்று. வெங்கடரமணனோடு சந்துக்குள் நுழைந்ததுமே எதிர்வீட்டுச் செல்லத்தாய் கேட்டாள்.

"ஏண்ணே, ஒறமொறை யாரும் வந்திருக்காகளா? ஒரு வாரமா உங்க வீட்ல அடுப்புப் பொகை வருதே?"

பூட்டு, போட்ட பூட்டாகத்தான் தொங்கியது. ஹரிராம் திறந்தார். தள்ளினார். கதவு அசையவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது.

"வேணாம் மச்சான். நில்லுங்க, நாலு பேரைக் கூட்டிட்டு வாரேன்." வெங்கடரமணன் ஓடினார். ஓடும்போதே முதுகுக்குப் பின்னால் கேட்டது... க்ரீச்... உள்ளிருந்து தாழ்ப்பாள் விலகுகிற சத்தம்.

பதினோரு வருஷமாக ஹரிராமுக்கு யாரும் உள்ளிருந்து கதவைத் திறந்துவிட்டதில்லை.

ஆட்களோடு வந்து பார்த்தால் வாசலில் அவர் இல்லை. கதவு மூடிக் கிடந்தது. தட்டினார்கள். ரொம்ப நேரம் கழித்து ஒரு முழம் திறந்தது. ஹரிராம்தான். அப்படி ஒரு சிரிப்பை அக்காள் கல்யாணத்துக்குப் பிறகு அந்த முகத்தில் வெங்கடரமணன் பார்த்ததே இல்லை.

"சத்தம் போடாதீங்க மாப்ள. நடந்து வந்த களைப்புல தூங்குறாக."

"ஆரு மச்சான்?"

"போயிட்டு அப்புறமா வாங்க" என்று ஹரிராம் இரண்டு கையையும் கூப்பினார்.

கூப்பிய கை கூப்பியபடியே இருந்தது... கதவு மட்டும், மெதுவாக, சாத்திக்கொண்டது.